குண்டூசி தைத்தும் அறியாத கால்

உங்கள் காலை ஒருமுறை திருப்பிப் பாருங்கள் என்று நான் சொன்னால் எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். "டைலருக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததுலேருந்து ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்று என் காது படவே பேசுகிறார்கள். பேசிவிட்டுப் போகட்டும். முகத்தைப் பொழுதுக்கும் கண்ணாடியில் பார்க்கிற மனிதன், தன்னைச் சுமந்து திரிகிற பாதத்தின் அடிப்பக்கத்தைக் கடைசியாக எப்போது பார்த்தான்? நானும் பார்த்ததில்லை. அதனால் என் வலது கால் முழங்காலுக்குக் கீழே போக இருந்தது. அது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாற்பது தாண்டியவர்கள் யாராவது படித்துவிட்டுச் செருப்பைக் கழற்றிப் பார்த்தால் எனக்குப் போதும்.

நான் ஜாலான் பெண்டஹாரா வீதியில் ஒரு துணிக்கடை வாசலில் மெஷின் போட்டுத் தைக்கிறவன். கடைக்கு முன்னால் உள்ள அந்த நடைபாதையை இங்கே அஞ்சடி என்போம். அப்போது எனக்கு ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. மெர்டேகா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிற வருஷம்.

அதற்கு முன்பே உடம்பு எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டது, நான்தான் கேட்கவில்லை. எந்நேரமும் தாகம். ஒரு சட்டைக்குக் கை வைத்து முடிப்பதற்குள் பின்கட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. என் காற்சட்டை இடுப்பை நானே இரண்டு முறை பிரித்துச் சின்னதாக்கித் தைத்தேன். அட, தொப்பை கரைகிறதே என்று உள்ளூரச் சந்தோஷம் வேறு! என் மனைவி செல்லம்மாதான், "என்னங்க இது, கழுத்தெலும்பெல்லாம் தெரியுது" என்று கேட்டாள்.

"வயசாகுதுல்ல" என்றேன்.

இந்தப் பதிலைச் சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். தாகமா, வயசாகுது. கண் மங்குதா, வயசாகுது. இப்போது யாராவது என்னிடம் அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. வயது ஆகட்டும் ஐயா, அது பாட்டுக்கு ஆகட்டும். திடீரென்று வந்த தாகத்துக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம்?

இனி தீ மிதித்த கதைக்கு வருகிறேன். செல்லம்மா ஒரு சமயம் விஷக் காய்ச்சலில் பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்தாள். அவள் எழுந்து உட்கார்ந்தால் மூன்று வருஷம் ஆடியில் தீ மிதிக்கிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். அம்மன் அவளைக் கொடுத்தாள். முதல் வருஷம் காப்புக் கட்டி, விரதம் இருந்து, பூக்குழியில் இறங்கினேன். அப்பப்பா, என்ன சூடு! கண்ணில் நீர் முட்ட ஓடிப்போய்க் கடைசியில் இருந்த பால்குழியில் காலை வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. அடுத்த வருஷம் வெதுவெதுப்பாக இருந்தது. மூன்றாம் வருஷம் ஒன்றுமே தெரியவில்லை. நிதானமாக, பாசாருக்குக் காய் வாங்கப் போகிறவன்போல நடந்து வந்தேன். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தீ மிதிப்பவர்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவர் என் மச்சான் வீராசாமி. செல்லம்மாவின் அண்ணன், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பக்தி முத்திடுச்சு மாப்ள! பூ மேல நடந்த மாதிரில்ல நடந்துட்ட!" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சில நாள் கழித்து வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே, பாதத்தில் ஈரமாக ஏதோ ஒட்டியது. பார்த்தால் புண். வலி இல்லை. ஆனால் எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. தீயில் கால் சுட்டால் எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் தெரியுமா? விரதத்தில் குறை என்பார்கள். தீட்டுப் பட்டிருக்கும், கவிச்சியைத் தொட்டிருப்பான், மனசு அலைந்திருக்கும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் என்ன குறை வைத்தேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். பக்கத்து வீட்டில் பிலாச்சான் என்கிற இறால் விழுதை வறுத்தபோது ஒருநாள் வாயில் எச்சில் ஊறியது உண்மை. அதுவா? அதற்குப்போய் அம்மன் காலைச் சுடுவாளா?

ஆக, மறைத்தேன். மஞ்சள் பற்றுப் போட்டு, பழைய துணியைச் சுற்றி, மேலே காலுறை மாட்டிக்கொண்டேன். வெறுங்காலால் மெஷின் மிதிக்கிறவன் காலுறையோடு உட்கார்ந்ததைக் கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தார். மெர்டேகாவுக்காக ஆடி பிறந்ததிலிருந்தே அந்த வீதி முழுக்கக் கொடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரத்தின் முனை ஒவ்வொன்றும் குத்திட்டு நிற்க வேண்டும், பிறையோடு இடிக்கக் கூடாது. குனிந்த தலை நிமிராமல் தைத்தேன். வலி இல்லாத புண்ணைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

காய்ச்சல் அடித்துப் படுத்த அன்று செல்லம்மாவுக்கு நாற்றம் தட்டியது. எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று கட்டிலுக்கு அடியில் தேடியவள், கடைசியில் என் காலுறையைப் பிடித்து இழுத்தாள். துணியோடு தோலும் கொஞ்சம் வந்தது. நான் அசையவில்லை.

"ஐயோ! வலிக்கலையாங்க?"

"இல்லையே."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாந்தாங்க பாவி. நீங்க காப்புக் கட்டியிருக்கிறப்ப மறந்தாப்ல ஒருநாள் தலைக்கு எண்ணெ வச்சுட்டேன். வெளிய சொல்ல பயந்துகிட்டு இருந்தேன்" என்று அழுதாள். நான் பிலாச்சானைச் சொன்னேன். காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு குற்றத்தைப் பொத்தி வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவள் சிரிக்கவில்லை. வாடகைக் கார் பிடித்து வந்து என்னை ஏற்றினாள்.

பெரியாஸ்பத்திரியில் காத்திருந்த பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த நாற்றம் எனக்கே அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதலில் ஒரு மலாய் மிஸ்ஸி வந்து சிறுநீர் பிடித்துத் தரச் சொன்னாள். நர்ஸுகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் என் நீரைச் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். நான் நிறம் பார்த்துப் பிழைக்கிறவன் இல்லையா, கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தேன். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. அதோடு நிற்கும் என்று பார்த்தால் ஆரஞ்சு, பிறகு செங்கல் நிறம். ஒரே குழாய்க்குள் ஒரு கடைச் சேலை!

"மானிஸ், பாக்சிக். மானிஸ் செக்காலி" என்றாள் அவள். இனிப்பு ஐயா, ரொம்ப இனிப்பு என்று அர்த்தம்.

சர்க்கரை இல்லாத நீரில் அந்த மருந்து நீலமாகவே இருக்குமாம். சர்க்கரை ஏற ஏறப் பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறத்தில் முடியுமாம். வலி இல்லை, கத்தி இல்லை, ஒரு சோறு வடிக்கிற நேரம்கூட ஆகாது. இவ்வளவுதானா சோதனை? இதைச் செய்துகொள்ளாமலா இத்தனை நாள் இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

டாக்டரம்மா யாழ்ப்பாணத்துத் தமிழர். மெலிந்த உருவம், அதட்டுகிற குரல். புண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தினை நாளாய் இந்தப் புண்?"

"ஆடித் தீமிதிக்கு அப்புறங்க."

"ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை?"

"வலிக்கலைங்க."

"அதுதான் வருத்தமே" என்றார். அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். "இது சலரோகம். நீங்கள் இனிப்பு நீர் எண்டு சொல்லுறது."

நாம் சாப்பிடுவது ரத்தத்தில் சர்க்கரையாகச் சேர்கிறது, அதை உடம்பு எடுத்துச் செலவழிக்க இன்சுலின் என்று ஒன்று வயிற்றுக்குள் சுரக்க வேண்டும், எனக்கு அது போதவில்லை என்று அவர் விளக்கினார். செலவாகாத சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கி, சிறுநீரில் வழிகிறது. தாகம் அதனால்தான், இளைத்ததும் அதனால்தான். புண் ஆறாததற்கும் அதுவே காரணம். பிறகு என் கணுக்காலுக்கு மேலே சிவந்திருந்த இடத்தின் விளிம்பில் பேனாவால் வளைத்து ஒரு கோடு போட்டார்.

"இந்தச் சிவப்பு கோட்டைத் தாண்டி மேல ஏறினா, முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும். ஏறாட்டி காலைக் காப்பாத்தலாம். ஊசி போடுவம், பாப்பம்."

எனக்குக் கோடு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டால் அடுத்து கத்தரிக்கோல்தான். பயந்தேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். ஒற்றைக் காலால் மெஷின் மிதிக்க முடியுமா? முடியாது. எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

காலையும் மாலையும் இன்சுலின் போட்டார்கள். இடையிடையே பென்சிலின். அது இடுப்பில் இறங்கும்போது எரிந்தது. அட, இங்கே மட்டும் வலிக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் போர்வையை விலக்கிக் கோட்டைப் பார்ப்பேன். ஒருநாள் சிவப்பு கோட்டைத் தொட்டுக்கொண்டே நின்றது. செல்லம்மா அன்று கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு ஊட்டவும் மறந்து நின்றாள்.

புண் எலும்பில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சாம்பல் நிறத்தில் என் விரல் எலும்புகள், நடுவே பளிச்சென்று வெள்ளையாக ஒரு மெல்லிய கீற்று, அதன் நுனியில் ஒரு பொட்டு.

"குண்டூசி!" என்று கத்திவிட்டேன். ஆயுசு முழுக்கப் பார்க்கிற சாமான், எனக்குத் தெரியாதா? கொடித் துணியைப் பிடிப்பதற்குக் குத்தி வைத்து, கீழே விழுந்து, வெறுங்காலில் ஏறியிருக்கிறது. அதோடேயே மெஷினும் மிதித்திருக்கிறேன்.

"செல்லம்மா, தீ இல்ல, குண்டூசி! விரதத்துல ஒரு குறையும் இல்ல. நீ எண்ணெ வச்சதும் இல்ல, நா எச்சில் ஊறுனதும் இல்ல!" என்றேன். அவள் அழுதுகொண்டே கும்பிட்டாள்.

டாக்டரம்மாவுக்கு வந்ததே கோபம். "காலுக்குள்ள ஊசியோட நடந்து திரிஞ்சிருக்கிறீங்கள், அதுக்குச் சந்தோசமோ? கண்ணை மூடுங்கோ. நான் தொடேக்குள்ள சொல்லுங்கோ."

கண்ணை மூடினேன். முழங்காலுக்குக் கீழே ஒரு பஞ்சு பட்டது. "இப்ப" என்றேன். கெண்டைக்காலில் பட்டது. "இப்ப." அப்புறம் பஞ்சையே காணோம். இன்னும் வரவில்லையே என்று காத்திருந்தேன். என் தலைமாட்டில் நின்ற செல்லம்மா, "ஐயோ, ஊசியால குத்துறாங்களே, தெரியலையா?" என்றாள். கண்ணைத் திறந்து பார்த்தால் என் நல்ல காலின் பாதத்தில், ஆமாம், புண் இல்லாத இடது காலில், ஊசிமுனையால் பொட்டாக ரத்தம் துளிர்த்திருந்தது.

சர்க்கரை கூடிக்கூடி நின்றால் கால் நரம்பு மங்கிப்போகுமாம். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை, அதனால் அங்கேதான் முதலில் தொடங்குமாம். கொஞ்சம் கொஞ்சமாக, ஆளுக்கே தெரியாமல்.

அந்தக் கொஞ்சம் கொஞ்சமாக என்ற பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. முதல் வருஷம் சுட்டது, அடுத்த வருஷம் வெதுவெதுப்பு, மூன்றாம் வருஷம் பூ. வாய்விட்டுக் கேட்டேவிட்டேன்.

"அப்ப அம்மன் அருள்னு நான் நெனச்சதுங்க?"

அவர் ஊசியைத் துடைத்து வைத்தார். "அது எனக்குத் தெரியாது. நானும் கோயிலுக்குப் போறனான். ஆனா சாமிக்குக் குடுக்கிற காலை உணர்ச்சியோட குடுங்கோவன்" என்றார்.

படுத்துக்கிடந்து அதையே யோசித்தேன். எனக்குக் கோபமும் வந்தது, ஏமாந்த மாதிரியும் இருந்தது. ஆனால் அதைவிட, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான் பெரிதாக இருந்தது. சுட்ட வருஷம் அருளா, சுடாத வருஷம் அருளா? என் கணக்கில், சுட்டும் ஓடி முடித்தேனே, அந்த முதல் வருஷம்தான் நான் அவளுக்குக் கொடுத்தது. இதில் ஐயருக்கு வேறு கருத்து இருக்கலாம்.

மெர்டேகா விடிந்த காலை, வார்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள். நடக்க முடிந்தவர்கள் எல்லாம் அதைச் சுற்றி நின்று, கோஷம் வரும்போதெல்லாம் தாங்களும் கத்தினார்கள். மிஸ்ஸிகள் ஜன்னலில் கட்டியிருந்த கொடியில் நட்சத்திரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. எவன் தைத்தானோ! அந்தச் சத்தத்துக்கு நடுவில் போர்வையை விலக்கினேன். கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவில் வெறும் தோல் தெரிந்தது. இறங்கியிருக்கிறது! "மெர்டேகா!" என்று நானும் கத்தினேன். என் மெர்டேகா எதற்கென்று செல்லம்மாவுக்கு மட்டும் தெரியும்.

ஊசியை எடுத்தார்கள், கெட்டுப்போன கட்டைவிரலையும் எடுத்தார்கள். கால் தங்கியது. விரல் போனதற்கு ஒருநாள் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். செல்லம்மா மிஸ்ஸியிடம் உட்கார்ந்து ஊசி போடக் கற்றாள். ஆரஞ்சுப் பழத்தில் தண்ணீரைக் குத்திக் குத்திப் பழகினாள். முதல் தடவை எனக்குப் போட வந்தவள், ஊசியைத் தோல் வரைக்கும் கொண்டுவந்து திரும்ப எடுத்துக்கொண்டாள். "பழமா நெனச்சுக்க" என்றேன். "பழம் இப்படி மூஞ்சியச் சுளிக்காது" என்று சொல்லிவிட்டுச் சரியாகப் போட்டாள்.

டாக்டரம்மா சொன்னவற்றை என் பாஷையில் சொல்கிறேன். நாற்பது தாண்டிவிட்டால், நோய் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நன்றாக இருக்கும்போதே வருஷத்துக்கு ஒருமுறை நீரைச் சோதித்துவிடுங்கள். தாகமும் இளைப்பும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே போங்கள். சுடுதண்ணீரில் காலை விடுமுன் கையை விட்டுப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள், போடுமுன் உதறுங்கள். குளித்ததும் விரல் இடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், இல்லை வீட்டுக்காரியைப் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கவில்லையே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

நான் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன், பார்வையாளர் நேரத்தில் மச்சான் வீராசாமி பார்லித் தண்ணீரோடு வந்தார். சர்க்கரை போடாமல் காய்ச்சி எடுத்து வந்திருந்தார்.

"கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் மாப்ள. குண்டூசிதான், விரதத்துல குறை இல்லன்னு. ஒருத்தன் வாய் தொறக்கல" என்றார். எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. அந்த நெகிழ்ச்சியில் நரம்பு விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது.

"என்ன பேசுற மாப்ள? அப்ப நீ நடந்தது பொய்யா? எனக்குந்தான் ரெண்டு மூணு வருஷமா சூடே தெரியல. எனக்கு என்ன நோயா?"

நான் அவர் காலைப் பார்த்தேன். வெறுங்கால். வெடித்த குதிகால், தார் ஒட்டிய விரல்கள்.

"மச்சான், காலத் தூக்கிக் கட்டில் மேல வைங்க. கண்ண மூடுங்க. நா தொட்டா சொல்லணும், அவ்வளவுதான்."

"சின்னப் புள்ள வெளையாட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். கண்ணை மூடியதும் அவர் பாட்டுக்குப் பேசத் தொடங்கினார். அடுத்த ஆடிக்குக் குழியை நீளமாக வெட்ட வேண்டுமாம், நல்ல விறகு சொல்லி வைத்திருக்கிறாராம். நான் அவர் பாதத்தில் பஞ்சை வைத்தேன். அவர் விறகைப் பற்றியே பேசினார். விரல்களுக்குக் கீழே தடவினேன். யார் யார் காப்புக் கட்டுவார்கள் என்று பெயர் சொன்னார். கடைசியில் உள்வளைவில், மெத்தென்ற இடத்தில், நகத்தை அழுத்தி ஊன்றினேன். செல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் அண்ணன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மாப்ள, தூங்கிட்டியா? தொடுறதுன்னா தொடு, எனக்கு வேல கெடக்குது" என்றார்.

"கண்ணத் தொறங்க மச்சான்."

திறந்தார். என் நகம் அவர் பாதத்தில் பதிந்திருப்பதைப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். எப்போதும் கணீரென்று பேசுகிற மனிதர், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அப்ப நா நடந்தது?"

"எனக்கும் தெரியல மச்சான். டாக்டரம்மா இப்ப ரவுண்ட்ஸ் வருவாங்க. காட்டிட்டுப் போங்க."

அவர் வேலை என்று எழுந்து போகவில்லை. டாக்டரம்மா வார்டுக்குள் நுழைகிற வரைக்கும் அந்தக் காலைக் கட்டிலிலிருந்து எடுக்கவே இல்லை.